மண்டித் தெரு கடையின் கருவேலம் பிசின்: மார்மோசெட் வைத்திருப்பவர்களுக்காக ஒரு விமர்சனம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலூர் மண்டித் தெருப் பக்கம், நேதாஜி மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே கிடைக்கும் கருவேலம் பிசின்தான் இந்த வட்டாரத்தில் நான் வாங்கிப் பார்த்ததிலேயே சுத்தமானது. நான் வாங்குவது இடுப்பு வலிக்கோ லட்டுக்கோ இல்லை, எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு மார்மோசெட் குரங்குகளுக்கு. குரங்குக்குப் பிசினா என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த ஊரிலும் ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கமும் இந்தச் சின்னக் குரங்கை வைத்திருக்கும் சிலரோடு பேசியிருக்கிறேன், எல்லாரும் சொல்வது ஒரே புகார்: வயிறு சரியில்லை, கழிசல் நிற்கவில்லை, மெலிந்துகொண்டே போகிறது.

கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டார். "குரங்குக்கு மருந்து விக்கறவன்னு பேர் வந்துடப் போவுதும்மா, நான் பிசினு விக்கறேன், அவ்ளோதான்" என்றார். நியாயமான பயம்தான். மண்டித் தெருவில் பிசின் என்று கேட்டுக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம், வாசலில் சாக்கில் கடுக்காயும் பூந்திக்கொட்டையும் கொட்டி வைத்திருக்கும் கடை.

முதலில் இந்தக் குரங்கைப் பற்றிக் கொஞ்சம். மார்மோசெட் நம் ஊர்க் குரங்கு கிடையாது. காமன் மார்மோசெட் எனப்படும் இந்த இனம் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, காதோரம் வெள்ளை முடி கொத்தாக நிற்கும், வாலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும், நன்றாக வளர்ந்த ஒன்றின் எடையே 300 முதல் 400 கிராம் வரைதான் வரும். எங்களிடம் இருக்கும் ஜோடி என் பெரியப்பா மகன் பெங்களூரில் வாங்கியது. அவர் வேலைக்காக வெளிநாடு போக வேண்டி வந்தபோது, முறைப்படி பதிவை மாற்றி எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிட்டு என்று ஒன்று, மணி என்று ஒன்று. வந்து சேர்ந்தபோது சிட்டுவின் தொடையில் சதையே இல்லை, வாலின் அடியில் முடி கொட்டியிருந்தது, கூண்டின் தட்டு எப்போதும் ஈரமாகவே இருந்தது. அவற்றோடு ஒரு தாளும் வந்தது, விற்ற கடைக்காரர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு அட்டவணை: காலையில் பாலில் ஊறிய பிரெட், மதியம் வாழைப்பழம், மாம்பழம், திராட்சை, சாயங்காலம் பிஸ்கட்டும் தேனும். எனக்கு அந்தத் தாளைப் பார்த்து இன்றைக்கும் கோபம் வருகிறது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஓர் உயிரை விற்கிறவர், அது காட்டில் என்ன தின்னும் என்று ஒரு முறையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

அது காட்டில் தின்பது பெரும்பாலும் மரப்பிசின். பழமும் பூச்சியும் தின்னும்தான், ஆனால் இந்த இனத்தின் உடம்பே பிசினுக்காக அமைந்தது. கீழ்த்தாடையின் முன்பற்கள் உளி மாதிரி நீண்டிருக்கும். அந்தப் பல்லின் உள்பக்கத்தில் எனாமல் கிடையாது, அதனால் கடிக்கக் கடிக்க முனை கூராகவே இருக்கும். அந்தப் பல்லால் மரப்பட்டையைக் குடைந்து ஓட்டை போட்டு, ஊறி வரும் பிசினை நக்கும். காலையில் எழுந்ததும் ஒரு முறை, இருட்டும் முன் ஒரு முறை என்று தன் மரங்களுக்கே திரும்பத் திரும்பப் போகும். பிசினில் இருப்பது சிக்கலான மாவுச்சத்து, நம் குடலில் சுரக்கும் நொதிகளால் அதை உடைக்க முடியாது, குரங்கின் நொதிகளாலும் முடியாது. குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அதைப் புளிக்க வைத்து உடைத்துத் தர வேண்டும். அதற்காகவே மார்மோசெட்டுக்கு, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கும் பை பெரிதாக இருக்கிறது. அதன் உறவுக்காரக் குரங்கான டாமரினைவிட மார்மோசெட்டின் வயிற்றில் உணவு நிதானமாக நகர்வதும் பிசின் நன்றாகச் செரிப்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இப்படிப்பட்ட வயிற்றில் பாலும் பிரெட்டும் சர்க்கரைப் பழமும் போய்க்கொண்டே இருந்தால் அந்த நுண்ணுயிரிகளின் கதி என்ன ஆகும்?

சரி, கடைக்கு வருகிறேன். சிட்டுவின் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிய கையோடு, எங்கள் கால்நடை மருத்துவர் பிசின் தேடச் சொன்னார். இவர் ஊரில் பெரும்பாலும் மாடும் நாயும் பார்ப்பவர். எனக்கு இந்த இனத்தில் பழக்கம் இல்லை என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தெரிந்தவர்களிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்த்தார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. அரபிக் கோந்து, அதாவது அகேசியா மரத்தின் பிசின் வேண்டும், உலகச் சந்தைக்கு அது சூடானில் இருந்துதான் அதிகம் வருகிறது, ஆனால் நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளிலேயே கருவேலம் பிசின் கிடைக்குமே, அதில் சுத்தமானதாகப் பாருங்கள் என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்ததும் கேட்டது: "இன்னாம்மா, பிள்ள பெத்தவங்களுக்கா?" பிரசவமான பெண்களுக்கு நெய்யில் பொரித்துக் கொடுப்பதற்குத்தான் உள்ளூர்க்காரர்கள் அதிகம் வாங்குவார்களாம். அடுத்தபடியாக, காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் வடநாட்டுக் குடும்பங்கள் கோந்து லட்டுக்காக வாங்குவார்களாம். குரங்குக்கு என்று நான் சொன்னதும் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. எவ்வளவு எடை, என்ன தின்னுது, எத்தனை நாளா வயித்தால போவுது என்று ஒரு வைத்தியர் போலவே வரிசையாகக் கேட்டார். மாதுளை ஓடு, ஓமம் ஏதாவது கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "மனுசனுக்குன்னா அளவு தெரியும். கால் கிலோகூட இல்லாத உயிருக்கு நான் எப்டிம்மா அளவு சொல்றது? வாணாம், டாக்டர் சொன்னத மட்டும் குடு" என்று முடித்துவிட்டார். ஒரு சாமானாவது கூடுதலாக விற்கலாம் என்று பார்க்காத அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடையை நான் எல்லாருக்கும் சொல்வேன். மற்ற கடைகளில் எனக்குச் சூரணம், லேகியம், 'குரங்குக்கும் ஆகும்' என்ற உத்தரவாதம் எல்லாம் கிடைத்தன.

இனி சரக்கு. இந்தக் கடையில் பிசினை முத்து முத்தாக, உடைக்காமல் வைத்திருக்கிறார். தேன் நிறத்திலிருந்து வெளிர் மஞ்சள் வரை இருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊடுருவித் தெரியும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும், பல்லில் வைத்துக் கடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கி, பிறகு மெதுவாக வழவழவென்று கரையும், ருசி என்று பெரிதாக எதுவும் இருக்காது. கறுத்த, பட்டை ஒட்டிய துண்டுகளைத் தனி டப்பாவில் ஒதுக்கி வைத்திருக்கிறார், அது விலை குறைவு, அதை நமக்கு நீட்டுவதில்லை. சித்தூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கு என்றார். பாலாற்று மணலில் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கிறதே சீமைக் கருவேலம், அதன் பிசினையும் சிலர் கலந்து கொண்டு வருவார்களாம், அப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அந்தக் கலப்பை என் கண்ணால் பிரித்துச் சொல்லும் திறமை எனக்கு இல்லை. ஆனால் வீட்டில் நான் செய்த சோதனையில் இவர் சரக்கு ஒவ்வொரு முறையும் தேறியிருக்கிறது.

சோதனை எளிது. ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று முத்துகளைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். நல்ல கருவேலம் பிசின் மொத்தமாகக் கரைந்து, தண்ணீர் கொழகொழவென்று ஆகும், அடியில் துளி பட்டைத் தூள் மட்டும் நிற்கும். ஜெல்லி போல் உப்பி, டம்ளர் நிறைய பொங்கி, கரையாமல் கட்டி கட்டியாக மிதந்தால் அது பாதாம் பிசின் அல்லது அது கலந்தது. பாதாம் பிசின் ஜிகர்தண்டாவுக்கு அருமையான பொருள், வேலூர் வெயிலுக்கு நானும் குடிக்கிறேன், ஆனால் மார்மோசெட்டுக்கு டாக்டர் சொன்னது கரையும் பிசின்தான். வேறொரு கடையில் 'சுத்தமான கருவேலம் பிசின் பொடி' என்று லேபிள் ஒட்டிய பாக்கெட் வாங்கினேன், அது கரையவும் இல்லை, உப்பவும் இல்லை, மாவு போல் அடியில் படிந்தது, அதில் என்ன கலந்திருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதைக் குப்பையில் போட்டேன். பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். முத்தாக வாங்கி வீட்டு மிக்ஸியில், மசாலா வாசனை இல்லாத தனி ஜாரில் பொடித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிசின் நல்லது என்று கேள்விப்பட்டு ஒரே நாளில் கிண்ணம் நிறைய வைத்துவிட்டு, கழிசல் அதிகமாகிவிட்டது என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். பிசினே கண்டிராத குடல் அதற்குப் பழக நாள் ஆகும். முதலில் விரலில் தொட்ட அளவு, அப்புறம் சிறிது சிறிதாகக் கூட்டி, இப்போது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் கெட்டியான கரைசல் கொடுக்கிறேன். தேன் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கிண்ணத்தில் வைக்காமல், கொய்யாக் கட்டையில் டிரில் போட்டு ஓட்டை எடுத்து, ஓட்டைக்குள் ஊற்றி மாட்டிவிடுகிறேன். நக்கி முடித்த பிறகும் பல்லால் கட்டையைக் குடைந்துகொண்டே இருக்கும், அந்தக் குடைச்சல்தான் அதற்குப் பொழுதுபோக்கும் பல்லுக்கு வேலையும். ஒன்று மட்டும் முக்கியம்: மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, கரைத்த பிசின் மதியத்துக்குள் புளித்துவிடும். காலையில் வைத்ததை வெயில் ஏறும் முன் எடுத்துக் கட்டையைக் கொதிநீரில் கழுவிக் காய வைத்துவிட வேண்டும். கொய்யாக் கட்டையே ஏன் என்றால், பூச்சிமருந்து அடிக்காத மரம் எங்கள் கொல்லையிலேயே இருக்கிறது, அதனால்தான்.

பிசினால் இன்னொரு நன்மையும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. கருவேலம் வகைப் பிசின் என்பது வேதியியல் கணக்கில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்த உப்பு. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. காட்டில் பூச்சியும் பிசினும் சேர்த்துத் தின்னும் குரங்குக்கு அந்தக் கணக்கு பிசினால் கொஞ்சம் நேராகிறது. வீட்டில் பிசின் இல்லாமல் மாவுப் புழுவாகப் போட்டுக்கொண்டே இருந்தால் எலும்பு மெலியும், அதிலும் இரட்டைக் குட்டி ஈன்று பால் கொடுக்கும் பெண் குரங்குக்குச் சொல்லவே வேண்டாம், மார்மோசெட் பெரும்பாலும் இரட்டையாகத்தான் போடும். கால்சியம் மட்டும் போதாது, உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு டி2 வகை சரியாகப் பயன்படாது, டி3 தான் வேண்டும், அதுவும் நம்மைவிட நிறையவே தேவை. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்பார்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கூண்டை வைத்தால் அந்த வெயிலில் டி3 உண்டாக்கும் கதிர் உள்ளே வராது. காலை இளவெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து, வலை போட்ட பால்கனியில் விடுவதுதான் நாங்கள் செய்வது.

இப்போது பலன். பிசின் மட்டும் சிட்டுவைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருந்தது, அதற்கு மருந்து ஓடியது. பிரெட், பிஸ்கட், பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினோம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் சில மார்மோசெட்டுகளின் குடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றும், அதை நிறுத்தியதும் கழிசல் குறைந்ததென்றும் ஆய்வுகள் இருப்பதாக டாக்டர் சொன்னார், நானும் தேடிப் படித்தேன். இந்த இனத்துக்கென்றே ஒரு உருக்கி நோய் உண்டு, 'மார்மோசெட் வேஸ்டிங் சிண்ட்ரோம்' என்பார்கள்: நாள்பட்ட கழிசல், எடை இறக்கம், தொடைச் சதை கரைவது, வால் முடி கொட்டுவது, ரத்தசோகை. குடல் சுவர் நாள்பட வீங்கி, தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். இதற்கு ஒரே ஒரு காரணம் என்று யாரும் சொல்வதில்லை, சாப்பாடு, ஒட்டுண்ணி, மன அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் பேசப்படுகிறது. சிட்டு அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் எங்கள் டாக்டரின் எண்ணம். மருந்து முடிந்து, கண்டதையும் கொடுப்பது நின்று, பிசின் பழகிய பிறகு மலம் கெட்டியானது, எடை ஏற ஆரம்பித்தது, இன்றைக்கு வாலில் புது முடி வந்திருக்கிறது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நடுவில் ஒரு மழைக்காலத்தில் கடையில் நல்ல சரக்கு இல்லாமல் பிசின் நின்றிருந்தபோது மலம் மறுபடி தளர்ந்ததை நான் பார்த்தேன்.

எடை பற்றி ஒரு வார்த்தை. நகைக்கடைத் தராசு போல் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள், வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை போடுங்கள். 350 கிராம் உயிரில் 35 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள், கண்ணால் பார்த்தால் அது தெரியவே தெரியாது, முடி மறைத்துவிடும்.

பழத்தைப் பற்றி எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. என் மாமியார் சோளிங்கர் போய் வந்தவர், மலைப்படியில் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்குகளை ஆண்டாண்டாகப் பார்த்தவர், குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்காதே என்று நான் சொன்னபோது மனசு நொந்து போனார். "அத்த, அது வேற ஜாதி, இது வேற ஜாதி" என்று விளக்கிச் சொன்னேன். சோளிங்கரில் இருப்பது நாட்டுக் குரங்கு, கன்னத்தில் பை வைத்திருக்கும், எட்டு பத்துக் கிலோகூட வரும் கிடா உண்டு. அதற்கும் பக்தர்கள் போடும் பிஸ்கட்டும் பழமும் நல்லதில்லைதான், அது தனிக் கதை. நாம் கடையில் வாங்கும் வாழைப்பழமும் மாம்பழமும் மனிதன் தன் நாக்குக்காக இனிக்க இனிக்க வளர்த்தவை. காட்டுப் பழத்தில் நார் அதிகம், சர்க்கரை குறைவு. இங்கிலாந்தில் பேய்ன்டன் என்ற ஊரின் விலங்குக்காட்சிசாலை 2014-ல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதையே நிறுத்தியது செய்திகளில் வந்தது, சர்க்கரை நோய், பல் சொத்தை, வயிற்றுக் கோளாறு என்று காரணம் சொன்னார்கள். அந்தச் செய்தியை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவரே மார்க்கெட்டில் பீன்ஸ், சர்க்கரைவள்ளி, வெள்ளரி பார்த்து வாங்கி, வேக வைக்க வேண்டியதை வேக வைத்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைக்கிறார். பழம் என்பது மருந்து கொடுக்கவும் கைக்குப் பழக்கவும் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பிசின் முழுச் சாப்பாடு ஆகிவிடாது, இதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். அதில் புரதம் மிகக் குறைவு. அடிப்படைக்கு, தென் அமெரிக்கக் குரங்குகளுக்கென்றே செய்த தீனி வேண்டும். மசூரி போன்ற வெளிநாட்டு கம்பெனிகள் விலங்குக்காட்சிசாலைகளுக்காக இதைத் தயாரிக்கின்றன. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். குரங்கும் நம்மைப் போலவே வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் செய்துகொள்ளத் தெரியாத உயிர். தீனியில் சேர்த்திருக்கும் வைட்டமின் சி சில மாதங்களிலேயே குறைய ஆரம்பிக்கும், நம் வெயிலில் மூட்டையைத் திறந்து வைத்தால் இன்னும் வேகமாகப் போகும். எனக்கு ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய பாக்கெட்டில் தேதி அச்சிட்ட இடத்தின் மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, உரித்துப் பார்த்தால் காலாவதிக்குக் கொஞ்ச நாளே பாக்கி. பணத்தைத் திரும்ப வாங்க எத்தனை மெயில் போட வேண்டியிருந்தது! மண்டித் தெருப் பெரியவரோ, போன முறை வாங்கியதில் பட்டை அதிகம் என்று நான் சொன்னதற்கு, மறு பேச்சு பேசாமல் ஒரு கை முத்து அள்ளிப் போட்டார்.

பூச்சி விஷயத்தில் கறாராக இருங்கள். வளர்த்த மாவுப் புழுவும் சிள்வண்டும் சரி, அவற்றுக்கும் நல்ல தீனி போட்டு வளர்த்திருக்க வேண்டும். வீட்டில் ஓடும் கரப்பான் பூச்சியைக் குரங்கு பிடித்துத் தின்றால் வேடிக்கை பார்க்காதீர்கள். குடல் சுவரையே துளைக்கும் முள்தலைப் புழுவும், கணையக் குழாயில் போய்க் குடியிருக்கும் ஒரு வகை நூற்புழுவும் கரப்பான் வழியாகத்தான் இந்தக் குரங்குகளுக்குப் போகின்றன. கூண்டு இருக்கும் அறையில் கரப்பான் இருக்கக் கூடாது, அதற்காக மருந்தும் அடிக்கக் கூடாது, ஒட்டும் பொறி வையுங்கள், சிந்திய தீனியை ராவோடு ராவாகக் கூட்டி எடுங்கள். எலிக்குஞ்சு கொடுப்பதும் வேண்டாம், அதிலிருந்து ஈரலைத் தாக்கும் வைரஸ் பரவி வெளிநாட்டு விலங்குக்காட்சிசாலைகளிலேயே இந்தக் குரங்குகள் செத்திருக்கின்றன. அப்புறம், பாசத்தில் வாயில் கடித்து ஊட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. நம் உதட்டில் வரும் அக்கிப் புண்ணின் வைரஸ் நமக்கு ஒரு வாரத் தொல்லை, மார்மோசெட்டுக்கு அது சாவு. எச்சில் படவே கூடாது.

கடையில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. பிசின் டப்பாவுக்கு மூடி சரியில்லை, பக்கத்திலேயே பெருங்காயமும் வசம்பும் இருக்கின்றன, ஒரு தடவை நான் வாங்கிய பிசினில் வசம்பு வாசனை ஏறி மணி தொடவே மாட்டேன் என்றுவிட்டது. பெரியவர் இருந்தால்தான் தரம் பிரித்துக் கொடுப்பார், மற்ற நேரத்தில் கல்லாவில் இருக்கும் பையன் அள்ளிப் போட்டுவிடுவான், அதனால் அவர் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், காலையில் இருப்பார். அரைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள், மிளகும் திப்பிலியும் அரைக்கும் அதே இயந்திரம்தான். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஜாருக்கு வெளியே எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் நிம்மதி.

விலை நிலையாக இருப்பதில்லை. கடைசியாக நான் வாங்கியபோது கால் கிலோ நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், இரண்டு குரங்குக்கு அது நிறைய நாள் வரும், ஒரு பாக்கெட் வெளிநாட்டுத் தீனிக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, சாப்பாடு இவ்வளவு மலிவாக முடிகிறதே, ஒரு ஜோடி வாங்கலாமா என்று யாராவது நினைத்தால், வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். கூட்டமாக மரம் மரமாகத் திரிய வேண்டிய உயிர் அது, எங்களிடம் வந்துவிட்டது, அதனால் பார்த்துக்கொள்கிறோம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த பதிவு விதிகளும் சொல்வதுபோல் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வைத்துக்கொண்டு, அந்தப் பயத்தில் டாக்டரிடமே காட்டாமல் கழிசலோடு சாகவிட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாட்டுக் குரங்குக் குட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு இதே பிசினைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதை வீட்டில் வைப்பதே குற்றம், உடனே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

சேமிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பிசின் வடிவது வறண்ட மாதங்களில், அதனால் கோடையில்தான் கடைக்குப் புதுச் சரக்கு வரும், நிறமும் நன்றாக இருக்கும். அப்போதே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தால் ஐப்பசி மழை முடியும் வரை தாங்கும். மழைக்காலத்தில் வாங்கினால் முத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், அதில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெரியவர் வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு மூடிவிடும்.